மீன்தொட்டி ஆமையை அல்சூர் ஏரியில் விடலாமா?

கம்மனஹள்ளி_சுமதி:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் பொண்ணு பிறந்தநாளுக்கு நாத்தனார் ஒரு ஆமைக்குட்டி வாங்கிக் கொடுத்தாங்க. பெங்களூர் சிவாஜிநகர் பக்கம் ஒரு மீன்கடையில. அப்போ அஞ்சு ரூபா நாணயம் மாதிரிதான் இருந்துச்சு, "இதுக்கு மேல வளராது மேடம்"னு கடைக்காரர் சத்தியம் பண்ணினார். இப்போ உள்ளங்கையை விட்டு வெளிய நிக்குது. கண்ணுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் சிவப்புக் கோடு. தண்ணி மாத்தின மறுநாளே தொட்டி நாறுது. மாமியார் வேற, "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது"ன்னு தினமும் காலைல காபியோட சேர்த்துக் கொடுக்கறாங்க. வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை அல்சூர் ஏரியில விட்டுடலாம், புண்ணியமாப் போகும்ங்கறார். அங்க விட்டா பிழைக்குமா?

ஒசூர்_மணி:
பிழைக்கும் அக்கா. அந்தத் தண்ணில பிழைச்சா அப்புறம் அதை எதாலயும் கொல்ல முடியாது.

அரசு_பனசங்கரி:
மணி, கிண்டலா சொன்னாலும் பிரச்சினையே அதுதான். பிழைச்சுக்கும். சுமதி மேடம், தயவுசெஞ்சு விடாதீங்க. உங்க வீட்டுல இருக்கறது சிவப்புக்காது ஆமை, ரெட் இயர்ட் ஸ்லைடர். ஊரு அமெரிக்கா, மிசிசிப்பி ஆத்துப் பக்கம். உலகத்துல மோசமா ஆக்கிரமிக்கிற 100 உயிரினங்கள்னு ஐயுசிஎன் (உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு) தரப்புல ஒரு பட்டியல் உண்டு, அதுல இதுவும் ஒண்ணு. முட்டை போடும், இருபது முப்பது வருஷம் வாழும், எந்தச் சாக்கடையிலயும் சமாளிக்கும். நம்ம ஊர் ஆமை வெயில் காயற கட்டை, கல்லு எல்லாத்துலயும் இது ஏறி உக்காந்துக்கும். மீன்குஞ்சு, தவளைக்குஞ்சு, பாசி, செத்தது, எது கிடைச்சாலும் தின்னும். கடைத்தொட்டியில நெருக்கி வச்சு வளர்த்ததுனால என்ன நோய் கூட வருதுன்னும் தெரியாது.

கேரளாவுல 2018ல திருச்சூர்ல ஒரு வாய்க்கால்ல இது தென்பட்டதும் பீச்சியில இருக்கற கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் ஆளுங்க ஓடி வந்து, வீட்டுல வளர்க்கறவங்க எங்ககிட்ட கொண்டாந்து கொடுத்துடுங்கன்னு கேட்டு வாங்க ஆரம்பிச்சாங்க. நம்ம ஊர்ல அப்படி ஒரு ஏற்பாடு நான் பார்த்ததில்ல. ஞாயித்துக்கிழமை புண்ணியம்தான் நடக்குது.

கம்மனஹள்ளி_சுமதி:
ஏரியில ஏற்கெனவே ஆமை இருக்கே? நானே பார்த்திருக்கேன். அதோட இதுவும் ஒண்ணுன்னு நினைச்சேன்.

அரசு_பனசங்கரி:
இருக்கு மேடம், அதனாலதான் சொல்றேன். நம்ம ஏரிகள்ல முக்கியமா ரெண்டு. ஒண்ணு பால் ஆமை. ஓடு வழவழன்னு இருக்கும், பின்னங்காலை உள்ள இழுத்தா அடியில ஒரு மடிப்பு கதவு மாதிரி மூடிக்கும், மூக்கு பன்னி மூக்கு மாதிரி. இன்னொண்ணு கருப்பாமை, ஓட்டு மேல மூணு வரம்பு ஓடும். ரெண்டையும் மழை சீசன்ல ரோட்டுல அடிபட்டுக் கிடக்கப் பார்த்திருப்பீங்க.

பால் ஆமை "சாதாரணம்"னு நாம நினைக்கறோம். ஐயுசிஎன் சிவப்புப் பட்டியல்ல இப்போ அது வல்னரபிள், அதாவது அழியற ஆபத்துல இருக்கறது. நம்ம வன உயிரின சட்டத்துல முதல் அட்டவணை, அதாவது புலி இருக்கற அட்டவணை. 2017 ஜனவரியில உத்தரப்பிரதேசம் அமேதியில ஒரே இடத்துல 6,430 ஆமை பிடிபட்டுச்சு, பெரும்பாலும் இதே பால் ஆமைதான். சாக்குல கட்டி அடுக்கி வச்சிருந்தாங்க. அந்த சமயத்துல வன உயிரினக் குற்றத் தடுப்புப் பிரிவு "ஆபரேஷன் சேவ் கூர்மா"ன்னு ஒண்ணு நடத்தி, ரெண்டு மாசத்துக்குள்ள 15,739 உயிருள்ள ஆமைகளை மீட்டாங்க. கறிக்கும், அடியோட்டு ஓரத்துல வர்ற தோல்சவ்வைக் காய வச்சு வங்காள எல்லை தாண்டி அனுப்பறதுக்கும்.

அங்க சாக்குல. இங்க நாம பண்றது வேற மாதிரி. ஏரி "மேம்பாடு"ன்னு சொல்லி சுத்திக் கல்லு பதிச்சு, நடைபாதை போட்டு, கம்பி வேலி கட்டறோம். முட்டை போட ஆமைக்கு ஈரமண் கரை வேணும். செங்குத்தா கல்லு பதிச்ச கரையில அது எப்படி ஏறும்? ஏறினாலும் நடைபாதை, அதுக்கு அப்புறம் நாய். பெரிய ஆமை நிறைய தெரியுற ஏரியில குட்டியே கண்ணுல படலைன்னா எனக்கு முதல்ல கரை மேலதான் சந்தேகம் வரும்.

ஜெயநகர்_விஸ்வநாதன்:
எங்கள் கிராமத்தில் ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு ஆமை உண்டு. தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் என்று தாத்தா விடுவார். பழமொழிக்கும் அதற்கும் அவர் முடிச்சுப் போட்டதில்லை, வீட்டுக்குள்தான் வரக்கூடாது, கிணறு வீடல்ல என்பார்.

இன்னொரு விஷயம். என் மைத்துனர் வீட்டில், இதே ஊரில், அடுக்குமாடியில் நட்சத்திர ஆமை ஒன்று இருக்கிறது. வாஸ்துவுக்கு நல்லது என்று யாரோ ஜோசியர் சொல்லி வாங்கியது. முட்டைக்கோஸும் பால்சாதமும் போடுகிறார்கள். ஓட்டின் மேல் ஒவ்வொரு கட்டமும் கூம்பு கூம்பாகப் புடைத்திருக்கிறது. அடிப்பக்கம் விரலால் அழுத்தினால் லேசாக உள்வாங்குகிறது. வயதாகிவிட்டதா?

அரசு_பனசங்கரி:
வயசில்ல சார். தப்பான சாப்பாடு, வெயில் இல்லாதது, சுண்ணாம்புச் சத்து இல்லாதது. காட்டுல அது புல்லு, செடி, கள்ளி, உதிர்ந்த பூ, பழம்னு மேயற பிராணி. ஓடு அமுங்குதுன்னா நிலைமை மோசம். உடனே ஊர்வன பார்க்கத் தெரிஞ்ச டாக்டர் பார்க்கணும். ஆனா அதுக்கு முன்னாடி...

சட்டப்பூட்டு:
...அதுக்கு முன்னாடி நான் வர்றேன். விஸ்வநாதன் சார், உங்க மைத்துனர்கிட்ட மெதுவா சொல்லுங்க. நட்சத்திர ஆமை முன்னாடி நாலாம் அட்டவணையில இருந்துச்சு. 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1லேர்ந்து நடைமுறைக்கு வந்ததுக்கு அப்புறம் முதல் அட்டவணை. வாங்கறது, விக்கறது, வச்சிருக்கறது எல்லாமே குற்றம். தண்டனை குறைஞ்சது 3 வருஷம், 7 வருஷம் வரைக்கும், அபராதம் 25,000க்குக் குறையாம. "ஜோசியர் சொன்னார்" கோர்ட்டுல எடுபடாது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு போட்டோ எடுத்துப் போட்டாப் போதும்.

பயந்து போய் ராத்திரியோட ராத்திரியா எங்கயாவது புதர்ல விட்டுடவும் கூடாது. ஒரு வக்கீல்கிட்ட பேசிட்டு, வனத்துறைகிட்ட தானா ஒப்படைக்கறதுதான் வழி. பிடிபடறதும் தானா போய்க் கொடுக்கறதும் ஒண்ணு இல்ல.

சுமதி மேடம், உங்க ஸ்லைடர் வேற கதை. வெளிநாட்டு இனம்ங்கறதால அந்த அட்டவணைத் தண்டனை உங்களுக்கு வராது. ஆனா அதே 2022 திருத்தம், அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களை இறக்குமதி பண்றது, விக்கறது, பரப்பறதைக் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கு. ஏரியில விடறது எந்தக் கோணத்துலயும் நல்ல யோசனை இல்ல.

கே_ஆர்_புரம்_கதிர்:
நட்சத்திர ஆமை ஏன் புதர்ல விடக்கூடாது? அது நம்ம நாட்டு ஆமைதானே. வீட்டுல சாகறதுக்கு வெளிய போய் வாழட்டுமே.

அரசு_பனசங்கரி:
நம்ம நாட்டுல எங்க? அது வாழற இடம் மூணு துண்டு. வடமேற்குல குஜராத், ராஜஸ்தான், பாகிஸ்தான் ஓரம். தெற்குல ஆந்திரா, கர்நாடகா, தமிழ்நாடு. அப்புறம் இலங்கை. ஒவ்வொரு துண்டுலயும் மரபணு வேற. அந்த வீட்டு ஆமை எந்தத் துண்டுலேர்ந்து வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? பல வருஷமா ஏர்போர்ட்ல பிடிச்ச ஆமையை எல்லாம் கிட்ட இருக்கற காட்டுல கொட்டினதுல ஏற்கெனவே கலந்து போயிருக்கு. வீட்டுல வளர்ந்தது மூச்சுக்குழல் நோயோட போனா அங்க இருக்கறதுக்கும் தொத்தும்.

ஒழுங்கா பண்ணவும் முடியும். 2018 நவம்பர்ல சிங்கப்பூர்ல பிடிபட்ட 51 நட்சத்திர ஆமைகளை விமானத்துல பெங்களூர் கொண்டு வந்தாங்க. தனியா வச்சு, நோய் பார்த்து, பழக்கப்படுத்தி, அப்புறம்தான் காடு. ஒவ்வொண்ணுக்கும் அவ்வளவு வேலை. இன்னொரு பக்கம் பாருங்க: ஆந்திரா-கர்நாடக எல்லையில ஒரே ஒரு வியாபார மையத்துலேர்ந்து மட்டும் வருஷத்துக்குக் குறைஞ்சது 55,000 நட்சத்திர ஆமை போகுதுன்னு 2015ல ஒரு ஆய்வு வந்துச்சு. 2019ல ஜெனீவால நடந்த சைட்டிஸ் (அருகி வர்ற உயிரினங்களோட சர்வதேச வியாபார ஒப்பந்தம்) மாநாட்டுல இதை முதலாம் இணைப்புல சேர்த்து சர்வதேச வியாபாரத்தையே மூடினாங்க. கடத்தல் நிக்கல.

இதுல ஒரு கூத்து. நம்ம விமான நிலையங்கள்லேர்ந்து நட்சத்திர ஆமை வெளிய போகுது. கோலாலம்பூர், பாங்காக் விமானத்துல பெட்டி பெட்டியா சிவப்புக்காது ஆமைக்குட்டி உள்ள வருது. சென்னை, திருச்சி ரெண்டுலயும் ஆயிரக்கணக்குல பிடிச்சிருக்காங்க. உங்க நாத்தனார் வாங்கினதும் அப்படி வந்த ஒண்ணோட வாரிசா இருக்கலாம்.

கே_ஆர்_புரம்_கதிர்:
சரி, ஒரு எதிர்க்கேள்வி. யாரும் அடிக்க வராதீங்க. எனக்கு இந்த "அழியுது அழியுது"ன்னு கத்தறதுல ஒரு சலிப்பு. 2025 அக்டோபர்ல ஐயுசிஎன்னே பேராமையை, அதான் பச்சைக் கடலாமையை, எண்டேஞ்சர்ட்லேர்ந்து (அழியற ஆபத்து) லீஸ்ட் கன்சர்னுக்கு (கவலை குறைவு) இறக்கிட்டாங்க. 1970கள்லேர்ந்து பார்த்தா உலக அளவுல 28 சதவீதம் ஏறியிருக்காம். ஒடிசா ருஷிகுல்யாவுல 2025 பிப்ரவரியில பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) ஆறு லட்சத்துக்கு மேல வந்து முட்டை போட்டுச்சு, சாதனை எண்ணிக்கைன்னு பேப்பர்ல போட்டாங்க. அப்படி இருக்கறப்போ ஒரு மீன்தொட்டி ஆமைக்கு இவ்வளவு பேச்சா?

காசிமேட்டுப்_பேரன்:
கதிர் அண்ணே, அதே 2025ல ஒரு மாசம் முன்னாடி, பொங்கல் சமயம், சென்னைக் கரையில ஆயிரத்துக்கு மேல பங்குனி ஆமை செத்து ஒதுங்குச்சு. அதையும் பேப்பர்ல போட்டாங்க. பசுமைத் தீர்ப்பாயம் தானா வழக்கு எடுத்துச்சு. நான் லீவுக்குப் போயிருந்தேன். கண்ணு பிதுங்கி, கழுத்து வீங்கி, கரையெல்லாம் நாத்தம். ஒண்ணு ரெண்டு ஒதுங்கறது எப்பவும் உண்டு. அந்த மாதிரி எங்க தாத்தாவே பார்த்ததில்லன்னார்.

உடனே எல்லாரும் மீனவன்தான் கொன்னான்னு எழுதினாங்க. எந்த மீனவன்? ஃபைபர் படகுல செவுள்வலை போடறவன் ஒருத்தன், இழுவைப் படகுக்காரன் இன்னொருத்தன். தமிழ்நாட்டுல 1983 சட்டப்படி கரையிலேர்ந்து 5 கடல் மைலுக்குள்ள இழுவை வலை போடக்கூடாது. ஜனவரியிலேர்ந்து ஆமை எல்லாம் முட்டை போட அந்த 5 மைலுக்குள்ளதான் சுத்தும். உள்ள வந்து இழுக்கறான், ஆமை வலையில மாட்டி மூச்சு முட்டிச் சாவுது. ஆமைக்கு நுரையீரல்தான், மேல வந்து மூச்சு விட்டாகணும். சும்மா கிடந்தா மணிக்கணக்கா தண்ணிக்குள்ள இருக்கும், வலைக்குள்ள திமிறினா சீக்கிரம் முடிஞ்சிடும். அந்தச் சட்டத்தை ஒழுங்கா அமல்படுத்தினா முதல்ல சந்தோஷப்படறது எங்க சின்னப் படகுக்காரங்கதான். எங்க வலையைக் கிழிச்சிட்டுப் போறதும் அதே இழுவைதான்.

ஆமை விலக்கிக் கருவி மாட்டச் சொல்றாங்க. வலைக்குள்ள கம்பிச்சட்டம் வச்சு, ஆமை வந்து முட்டினா மேல ஒரு வாய் வழியா வெளிய போயிடும். கொச்சியில மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம்ம கடலுக்குன்னே ஒண்ணு வடிவமைச்சிருக்கு. அது மாட்டலைன்னுதான் 2019லேர்ந்து கடல்ல பிடிக்கிற நம்ம இறாலை அமெரிக்கா வாங்கறதில்ல. விசைப்படகுக்காரங்ககிட்ட கேட்டா பெரிய மீனும் அதே வாய் வழியாப் போயிடுதும்பாங்க. கொஞ்சம்தான் போகும்னு அதிகாரிங்க சொல்லுவாங்க. படகுல ஏறி ஒரு நாள் வந்து காட்டுங்கன்னா ஆளைக் காணோம்.

கே_ஆர்_புரம்_கதிர்:
தம்பி, ஆயிரம் செத்தது வருத்தம்தான். ஆனா ஆறு லட்சத்துல ஆயிரம்னா கணக்குல எவ்வளவு?

மரகதம்_டீச்சர்:
கதிர், உங்கள் கணக்கில்தான் தகராறு. விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

ஆமையைக் கோழி மாதிரி எண்ணக் கூடாது. ருஷிகுல்யாவில் அந்த வருடம் கரை ஏறியது எப்போது பிறந்தது? பங்குனி ஆமை முட்டை போடும் வயதுக்கு வரவே குறைந்தது பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகும். ஆக கரையில் நீங்கள் எண்ணுவது பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் நடந்த நல்லதை. சென்னையில் செத்ததின் முழு விளைவு 2040 வாக்கில்தான் எண்ணிக்கையில் தெரியும். அன்றைக்குப் பேப்பரில் "திடீர் சரிவு" என்று போடுவார்கள்.

இரண்டாவது, செத்தது குட்டி அல்ல, வளர்ந்தது. ஒரு கூட்டில் நூற்றுக்கு மேல் முட்டை. ஆயிரம் குஞ்சில் ஒன்று வளர்ந்து திரும்பி வந்தால் அதிகம் என்பார்கள். அப்படியானால் ஒரு வளர்ந்த பெண்ணாமை என்பது ஆயிரம் குஞ்சைக் கொடுத்து வாங்கிய பொருள். அது இன்னும் இருபது வருடம் முட்டை போட்டிருக்கும். ஆமை வாழ்க்கையே அப்படித்தான்: குஞ்சு சாகும், முட்டையை நரி தின்னும், அதெல்லாம் தாங்கும். வளர்ந்ததைத் தூக்கினால் தாங்காது. வலை, சாக்கு, விமானப்பெட்டி மூன்றும் தூக்குவது வளர்ந்ததையும் வளரப்போவதையும்தான்.

பேராமை ஏறியதும் இதே காரணத்தால்தான். முட்டை எடுப்பதையும் கறிக்குப் பிடிப்பதையும் பல நாடுகளில் நிறுத்தி ஐம்பது வருடம் காத்திருந்தார்கள். அந்த லீஸ்ட் கன்சர்ன்கூட உலகம் முழுக்கச் சேர்த்துப் பார்த்த மதிப்பீடு, எல்லாக் கடலிலும் அப்படி இல்லை. அழுங்காமை என்ற இன்னொரு கடலாமை இன்னும் கிரிட்டிகலி எண்டேஞ்சர்ட், அதாவது அழிவின் விளிம்பில்.

ஒசூர்_மணி:
டீச்சர், நான் ஸ்கூல்ல படிக்கறப்போ நீங்க வந்திருக்கணும். அப்போ பெசன்ட் நகர்ல ராத்திரி நடந்து முட்டை எடுத்துப் பொரிச்சு விடறாங்களே, அது வேஸ்ட்டா?

மரகதம்_டீச்சர்:
வேஸ்ட் என்று யார் சொன்னது? மாணவர் கடலாமை பாதுகாப்பு அமைப்பு 1988லிருந்து அங்கே நடக்கிறது. தெருவிளக்கு வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்துக் குஞ்சு ரோட்டுப் பக்கம் ஊரும், முட்டையை நாய் தோண்டும். ஆகவே எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். அதிலும் மணல் சூடு பார்க்க வேண்டும், சூடு கூடினால் எல்லாம் பெண்ணாகவே பொரியும். நான் சொல்வது ஒன்றுதான். குஞ்சு விடும் அன்று மந்திரியிலிருந்து யூடியூபர் வரை கரையில் நிற்கிறோம், படம் எடுக்கிறோம். ஐந்து மைலுக்குள் இழுவை வருகிறதா என்று ரோந்து போகும் படகுக்கு டீசல் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. குஞ்சு விடுவது மட்டும் போதும் என்றால் இந்நேரம் கவலையே இருந்திருக்காது.

சட்டப்பூட்டு:
டீச்சர் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். கடலாமைக்காவது கூட்டம் வருது. நம்ம காவிரி, கிருஷ்ணா ஆறுகள்ல ஒரு பெரிய மெல்லோட்டு ஆமை இருக்கு, லீத் ஆமைம்பாங்க. தீபகற்ப இந்தியாவை விட்டா வேற எங்கயும் இல்ல. கிரிட்டிகலி எண்டேஞ்சர்ட். 2022 நவம்பர்ல பனாமாவுல நடந்த சைட்டிஸ் மாநாட்டுல இதையும், சம்பல் ஆத்துல இருக்கற சிவப்புக் கிரீட ஆமையையும் முதலாம் இணைப்புக்குக் கொண்டு போனாங்க. பெங்களூர்ல குழாயைத் திறந்தா காவிரி. அந்த ஆத்துல இப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்கு அன்னிக்குதான் தெரியும்.

மரகதம்_டீச்சர்:
யாருக்குமே தெரியாமல் இருந்து தெரியவந்ததும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிரம்பு ஆமை. 1912ல் சாலக்குடிப் பக்கம் கிடைத்ததை வைத்து எழுதினார்கள், பிறகு எழுபது வருடம் யாரும் பார்க்கவில்லை. 1982ல் அதைத் தேடிக் கண்டுபிடித்தவர் சென்னைப் பாம்புப் பண்ணையில் வேலை செய்த ஜே. விஜயா என்ற இளம்பெண். காட்டில் காடர் மக்கள் வழிகாட்ட, குகையில் தங்கிப் பார்த்தார். 1987ல், இருபதுகளிலேயே, இறந்துபோனார். 2006ல் அந்த ஆமையின் பேரினத்துக்கு விஜயாசெலிஸ் என்று பெயர் வைத்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால் கலபகோஸ் ஆமை தெரியும், விஜயாவைத் தெரியாது. பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி இடமில்லையா?

கம்மனஹள்ளி_சுமதி:
எங்கயோ ஆரம்பிச்சு எங்கயோ போயிட்டோம், ஆனா படிச்சேன் எல்லாத்தையும். வீட்டுக்காரரையும் படிக்க வச்சேன். ஏரி யோசனை கேன்சல். கடைக்காரர்கிட்ட திருப்பி எடுத்துக்கறீங்களான்னு கேட்டேன். "பெருசு யாரும் வாங்க மாட்டாங்க மேடம், குட்டி வேணும்னா தர்றேன்"ங்கறார்! மீட்பு மையத்துக்கு போன் பண்ணினா ஸ்லைடர் ஏற்கெனவே நிறைஞ்சு கிடக்கு, இடமில்லங்கறாங்க. இப்போ நான் என்ன பண்ணட்டும்?

அரசு_பனசங்கரி:
நீங்களே வச்சுக்கறதுதான் இப்போதைக்கு நல்லது மேடம். கண்ணாடித் தொட்டியைத் தூக்கிப் போடுங்க. பால்கனியில பெரிய டப், ஆமை நீளத்துக்குக் குறைஞ்சது அஞ்சாறு மடங்கு. நடுவுல முழுசா ஏறி உடம்பு காயற மாதிரி ஒரு கல்லு, காலை வெயில் நேரா படணும். கண்ணாடி வழியா வர்ற வெயில் உதவாது. பாதி டப் நிழலா இருக்கட்டும். கடையில விக்கற சிவப்பு இறால் குச்சியை மட்டும் போடாதீங்க, கீரை, நீர்ச்செடி நிறைய கொடுங்க. வேற தொட்டியில சாப்பாடு போட்டு எடுத்தா நாத்தம் பாதி குறையும். தொட்டதும் பொண்ணைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்க, சால்மொனெல்லா வரும். அதுக்காகவே அமெரிக்காவுல 1975லேர்ந்து நாலு அங்குலத்துக்குக் குறைஞ்ச குட்டி விக்கக்கூடாது.

ஜெயநகர்_விஸ்வநாதன்:
மைத்துனரிடம் பேசினேன். முதலில் கோபம், பிறகு பயம். வக்கீலைப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். ஜோசியரிடமும் கேட்க வேண்டுமாம். கேட்கட்டும்.

ஒசூர்_மணி:
சுமதி அக்கா, பால்கனி பத்தலைன்னா சொல்லுங்க. எங்க வீட்டு மாடியில பழைய சிமெண்ட் தொட்டி சும்மா கிடக்கு, ஏற்கெனவே ஒரு ஸ்லைடர் வச்சிருக்கேன், அதுவும் யாரோ கொடுத்ததுதான். சுத்திலும் உயரமான சுவர், வெளிய போக வழியில்ல. மாசம் ஒரு தடவை உங்க பொண்ணு வந்து பார்க்கலாம். அரசு அண்ணே, ரெண்டையும் ஒண்ணா விடலாமா?

அரசு_பனசங்கரி:
ரெண்டும் ஒரே பாலா இருந்தா மட்டும். இல்லாட்டி அடுத்த வருஷம் நீயும் இழை போடுவ. முன்னங்கால் நகம் ரொம்ப நீளமா, வால் தடியா இருந்தா ஆண். ரெண்டு ஆண்னா சண்டை போடுதான்னு ஒரு வாரம் பாரு. ரெண்டோட முன்னங்காலையும் கிட்ட வச்சு போட்டோ போடுங்க, சொல்றேன்.